வசந்தா பிரஸ் அம்மையார்

போன மாதம் மலர்க் குழு நண்பர் தொலைபேசியில் பிடித்துவிட்டார். "சார், நீங்க ஹிஸ்டரி ஆளு. இந்த வருஷம் மலருக்கு ஏதாவது எழுதித் தரணும். மொகலாய சாம்ராஜ்யம் எல்லாம் வேண்டாம், நம்ம பக்கத்து விஷயமா இருக்கட்டும்" என்றார். நம்ம பக்கம் என்றால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே ஒரு நாள் ஆட்டோவில் போனபோது, டிரைவர் தம்பி, "வசந்தா பிரஸ் ரோடு வழியா போயிடலாமா சார்?" என்று கேட்டார். "வசந்தா யாருன்னு தெரியுமாப்பா?" என்றேன். "பிரஸ் ஓனரோட பொண்ணு பேரா இருக்கும் சார்" என்றார்.

பொண்ணு இல்லை, ஓனரே அந்த அம்மாள்தான். அன்னி பெசண்ட் அம்மையாருக்கு இந்தியர்கள் அன்போடு சூட்டிய பெயர் வசந்தா.

அன்னி பெசண்ட் என்றதும் ஹோம் ரூல், தியாசபி, 1917 காங்கிரஸ் தலைவர் பதவி என்று பரீட்சைக்குப் படித்த மூன்று வரிகள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவர் அச்சகம் நடத்தியவர் என்பதும், ஃப்ரீமேசன் சகோதரத்துவத்தின் ஒரு கிளைக்கே தலைமை தாங்கியவர் என்பதும் பாடப் புத்தகத்தில் கிடையாது. நான் எழுதப் போவது அந்த இரண்டைப் பற்றித்தான். அதில் எனக்குச் சொந்தமான ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லண்டனில் ஆரம்பம்

1847 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் பிறந்தவர் அன்னி. இருபது வயதில் ஒரு பாதிரியாரைக் கைப்பிடித்தார். ஒரு மகன், ஒரு மகள். மத நம்பிக்கையில் கணவரோடு ஒத்துப்போக முடியாமல் 1873-இல் பிரிந்தார். பிறகு சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகப் பேச்சாளரோடு சேர்ந்து எழுத்து, பேச்சு, பத்திரிகை என்று இறங்கினார்.

அவருடைய அச்சு உலக வாழ்க்கை 1877-இல் ஒரு சின்னப் புத்தகத்தோடு சூடு பிடிக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு பற்றி சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது அந்த நூல். அதை விற்றவர்கள் மீது ஆபாச வழக்குப் போட்டார்கள். பழைய பதிப்பாளர் பயந்துபோய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்னியும் பிராட்லாவும் சொந்தமாக ஒரு பதிப்பகம் தொடங்கி, அதே நூலை மறுபடி அச்சிட்டார்கள். இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் நாங்களே நின்று விற்கப்போகிறோம் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விற்றார்கள்! கூட்டம் அலைமோதியது. வழக்கு வந்தது. அன்னி தமக்காகத் தாமே வாதாடினார். ஆறு மாதச் சிறை, இருநூறு பவுன் அபராதம் என்று தீர்ப்பு ஆயிற்று. மேல்முறையீட்டில், குற்றச்சாட்டு எழுதிய விதத்தில் குறை இருக்கிறது என்று 1878-இல் தண்டனை ரத்தானது.

சிறைக்குப் போகாமல் தப்பினார். ஆனால் மகளை இழந்தார். இப்படிப்பட்ட புத்தகம் போடுகிறவள் பெண் குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று நீதிமன்றம் 1878-இல் மகளைத் தகப்பனாரிடம் ஒப்படைத்துவிட்டது. அச்சடித்த காகிதத்தின் அடியில் பெயர் போட்டதற்கு அந்த அம்மாள் கொடுத்த முதல் விலை இது.

அடையாற்றில் அச்சு யந்திரம்

1889-இல் தியாசபியில் சேர்ந்து, 1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1907-இல் தியாசபிகல் சொசைட்டியின் தலைவராகி அடையாற்றில் நிலைகொண்டார். ஆற்றங்கரையில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தை சொசைட்டி 1882-லேயே வாங்கியிருந்தது.

வந்ததும் அவர் கவனித்த காரியங்களில் ஒன்று அச்சகம். வசந்தா பிரஸ் 1908-இல் தொடங்கியது. பதிப்பக வேலைகளைக் கவனித்தவர் பி.பி. வாடியா. பத்து வருஷம் கழித்து, 1918 ஏப்ரல் 27-இல், திரு.வி.க. முதலியோரோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினாரே, அதே வாடியாதான். அந்த நாளைய 'தியாசபிஸ்ட்' இதழ்களைப் புரட்டினால், அச்சிட்டவர் அன்னி பெசண்ட், வசந்தா பிரஸ், அடையாறு என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு பெரிய அமைப்பின் தலைவர், அச்சகக்காரர் என்ற இடத்திலும் தம் பெயரையே போட்டிருக்கிறார்.

என் தகப்பனார் மயிலாப்பூரில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். ட்ரெடில் மிஷினின் டக் டக் சத்தமும் மை வாசனையும் நான் வளர்ந்த சூழ்நிலை. அதனால் சொல்கிறேன், அந்த அடிவரி அலங்காரத்துக்காகப் போடுவதில்லை. அது சட்டம். 1867-ஆம் வருஷத்து அச்சகச் சட்டப்படி, அச்சடித்த ஒவ்வொரு புத்தகத்திலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும். அச்சகம் வைத்திருப்பவர் மாஜிஸ்ட்ரேட் முன் போய், இந்த இடத்தில் இன்னார் அச்சகம் நடத்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வம்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்று வெள்ளைக்கார சர்க்கார் தெரிந்துவைத்துக்கொண்ட வழி அது.

மூடிய கதவுக்கு உள்ளே

ஃப்ரீமேசன் சங்கம் கல் தச்சர்களின் பழைய கூட்டமைப்பிலிருந்து வளர்ந்தது என்பார்கள். கவராயமும் மூலை மட்டமும் அதன் சின்னம். கடவுள் நம்பிக்கை, சகோதரத்துவம், தருமம் ஆகியவை கொள்கைகள். சடங்குகளும் அடையாளங்களும் ரகசியம். அதனாலேயே வட இந்தியாவில் பல ஊர்களில் லாட்ஜ் கட்டடத்தை ஜாதூகர், அதாவது மந்திர வீடு என்று மக்கள் சொன்னார்கள். நம் சென்னைக்கு மேசன்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சியில் சேர்ந்தார். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி: சுவாமி விவேகானந்தர் நரேந்திரநாதராக இருந்தபோது, 1884-இல் கல்கத்தா லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தவர்தான். எழும்பூரில் கூவம் பக்கத்தில் இருக்கும் ஃப்ரீமேசன் ஹால் 1920களில் எழுந்தது.

அச்சுத் தொழிலுக்கும் மேசன்களுக்கும் நெடுநாள் உறவு உண்டு. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் அச்சகக்காரர், மேசன். அந்தச் சங்கத்தின் விதிநூலை 1734-இல் பிலடெல்பியாவில் மறுபதிப்புச் செய்தவர் அவர். பிற்காலத்தில் பிரான்சுக்கே தூதராகப் போன பிறகும், தம் உயிலில் தொழில் அச்சடிப்பவர் என்பதை முதலில் போட்டுவிட்டு, தூதர் என்பதை அதற்கப்புறம்தான் எழுதினார்.

ஆனால் அந்தச் சகோதரத்துவத்தில் சகோதரிகளுக்கு இடமில்லை. பிரான்சில் 1882-இல் ஒரு லாட்ஜ் துணிந்து மரியா தெரேம் என்ற பெண்மணியைச் சேர்த்தது. அதன் தொடர்ச்சியாக 1893-இல் பாரிசில் ஆணும் பெண்ணும் சமமாக அமரும் கூட்டு மேசன் அமைப்பு பிறந்தது. 1902-இல் பெசண்ட் பாரிசுக்குப் போய் அதில் சேர்ந்தார். அதே செப்டம்பரில் லண்டனில் அதன் லாட்ஜ் தொடங்கியது. பிறகு இந்தியாவிலும் பரவியது. பிரிட்டிஷ் பகுதிகளில் அந்த அமைப்புக்கு அவரே தலைமை. அடையாறு வளாகத்திலும் அதற்கென்று கட்டடம் உண்டு. ஆண்களின் பழைய இங்கிலாந்து லாட்ஜுகள் இதை அங்கீகரிக்கவே இல்லை. அந்த அம்மாள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவும் இல்லை.

உள்ளே போனால் வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்யும் சங்கம் ஒரு கையில். எல்லாவற்றையும் பெயர் போட்டு வெளியே சொல்லும் அச்சகம் மறு கையில். இது எப்படி ஒரே மனுஷியிடம் பொருந்தியது? எனக்குத் தோன்றுவது இதுதான். உள்ளே நடக்கும் சடங்கு ரகசியமாக இருக்கலாம். ஆனால் ஊருக்குச் சொல்லும் சொல்லுக்கு ஒரு பெயர் பொறுப்பேற்க வேண்டும். இந்த இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதே இல்லை.

இரண்டாயிரம், பத்தாயிரம்

1914-இல் 'காமன்வீல்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே வருஷம் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' நாளிதழை விலைக்கு வாங்கி 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றினார். 66 வயதில் தினசரிப் பத்திரிகை! உலக யுத்தம் நடக்கிறது, அவர் சுயாட்சி கேட்டு எழுதுகிறார். சர்க்கார் சும்மா இருக்குமா?

அவர்கள் கையில் 1910-ஆம் வருஷத்து பிரஸ் சட்டம் இருந்தது. அது வேலை செய்த விதத்தை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். மாஜிஸ்ட்ரேட் விரும்பினால் விலக்கு அளிக்கலாம். அச்சடித்தது சர்க்காருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தத் தொகை பறிமுதல். மறுபடி நடத்த 1,000 முதல் 10,000 ரூபாய் வரை புது ஜாமீன். இரண்டாவது தடவையும் தப்பு என்றால் பணம் மட்டுமில்லை, அச்சு யந்திரமும் போய்விடும். இத்தனைக்கும் முதலில் வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது, உத்தரவுதான். ஆட்சேபணை இருந்தால் பிற்பாடு ஹைகோர்ட்டுக்குப் போகலாம்.

பெசண்டுக்கு முதலில் விலக்கு அளித்தார்கள். 1916 மே மாதம் அதை ரத்து செய்து 2,000 ரூபாய் கேட்டார்கள். கட்டினார். ஆகஸ்டில் அது பறிமுதலாயிற்று. புது ஜாமீன் 10,000 ரூபாய் என்றார்கள். முதலில் கேட்டதும் சட்டம் அனுமதித்த உச்சத் தொகை, இரண்டாவதும் உச்சத் தொகை. அன்றைக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றால் சின்ன அச்சகக்காரன் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அவர் அதையும் கட்டினார், பத்திரிகை நிற்கவில்லை. ஹைகோர்ட்டில் மனுப் போட்டார், தோற்றார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார், 1919-இல் அங்கேயும் தோற்றார்.

ஆனால் சர்க்கார் நினைத்தது நடக்கவில்லை. பறிமுதல் நடந்த அடுத்த மாதமே, 1916 செப்டம்பரில், ஆர்மேனியன் தெரு கோகலே ஹாலில் ஹோம் ரூல் லீக் பிறந்தது. 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரையும், அருண்டேலையும், வாடியாவையும் காவலில் வைத்தார். முதலில் ஊட்டி, பிறகு கோயம்புத்தூர். நாடு முழுக்கக் கிளர்ச்சி எழுந்தது. செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரசின் முதல் பெண் தலைவர். அந்த 1910 சட்டம் 1922-இல் ரத்தாயிற்று.

குறையும் உண்டு

புகழ்மாலை மட்டும் சூட்டினால் அது சரித்திரக் கட்டுரை ஆகாது. அவருக்கு அந்த நாளிலேயே கடுமையான விமர்சகர்கள் இருந்தார்கள். மகாகவி பாரதியார் 1914-இல் பொன் வால் நரியைப் பற்றிய ஆங்கில நூலில் அவரை நையாண்டி செய்தார். பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் போராடிய அதே அம்மையார், 1913-இல் டாக்டர் டி.எம். நாயர் நடத்திய மருத்துவப் பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். ஹோம் ரூல் வந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை நாயரும் தியாகராயச் செட்டியாரும் எழுப்பினார்கள்; 1917-இல் 'ஜஸ்டிஸ்' பத்திரிகை வந்தது. நம் தி.நகருக்குப் பெயர் கொடுத்த அதே தியாகராயர்தான். நியாயமான கேள்வி அது. 1919-க்குப் பிறகு காந்திஜியின் ஒத்துழையாமையை எதிர்த்து எழுதி, பெசண்ட் ஜனங்களின் ஆதரவையும் இழந்தார்.

ஒன்று கவனியுங்கள். நாயரும் தம் பெயரில் எழுதினார், பெசண்டும் தம் பெயரில் எழுதினார். யார் பேசியது, யார் பதில் சொன்னது என்று நூறு வருஷம் கழித்து நம்மால் எடை போட முடிகிறது. 1933 செப்டம்பர் 20-ஆம் தேதி அம்மையார் அடையாற்றில் காலமானார். பெசன்ட் நகர், பெசன்ட் அவென்யூ, வசந்தா பிரஸ் ரோடு என்று நம்ம பக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன.

என் பழைய கணக்கு

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1976. நான் பி.ஏ. மூன்றாம் ஆண்டு. நெருக்கடி நிலை வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. ஜனவரி 31-இல் மாநில ஆட்சியைக் கலைத்த பிறகுதான் அதன் உஷ்ணம் இங்கே முழுசாகத் தெரிந்தது. பிப்ரவரியில் ஹாஸ்டல் நண்பர்கள் இருவரை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு நாளாகத் தகவல் இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டீஸ் அடிப்போம் என்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்தோம். எழுதியது நான். பத்து வரிதான்.

அப்பா வேலை பார்த்த அச்சகத்துக்கே போனோம். முதலாளி படித்துப் பார்த்தார். நல்ல மனுஷர். கோபிக்கவில்லை, விரட்டவும் இல்லை. "அடிச்சுடலாம் தம்பி. அடியில என் பிரஸ் பேர் வரும். வெளியிடறது யாருன்னு மேல ஒரு பேர் வேணுமே. யார் பேரப் போடட்டும்?" என்று கேட்டார்.

அவர் தம் பெயரைப் போடச் சம்மதித்துவிட்டார். எங்கள் ஐந்து பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா கேஸ் பக்கத்தில் கையில் ஸ்டிக்கோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வரோம் சார்" என்று காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

நண்பர்கள் பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள். நாங்கள் நோட்டீஸ் அடிக்கப் போனதும் திரும்பியதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவன் மறந்துவிட்டான். இன்னொருவன் அப்புறம் என்னோடு சகஜமாகப் பேசவே இல்லை. இன்று அவன் இல்லை.

அன்று ராத்திரி தி.நகர் வீட்டில் சாப்பிடும்போது அப்பா ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "முப்பது வருஷமா ஊர்ல இருக்கறவா பேரெல்லாம் கோத்திருக்கேன். என் பேரை ஒரு தடவைகூடக் கோத்ததில்லடா. நீ பேர் சொல்லியிருந்தா நான் கோத்திருப்பேன்."

அடுத்த வாரம் எங்கள் சரித்திரப் பேராசிரியர் பாடத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பெசண்ட் வழக்கைப் பற்றிப் பேசினார். இரண்டாயிரம், பத்தாயிரம் என்று கரும்பலகையில் எழுதினார். எங்கள் விஷயம் அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பதில் பாதி அந்த வகுப்பில் கேட்டதுதான்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அந்த 1867 சட்டம் 2024 மார்ச்சில் விடைபெற்றுவிட்டது. புதுச் சட்டம் பத்திரிகைகளை மட்டும்தான் கவனிக்கிறது, புத்தகங்கள் அதில் இல்லை. மாஜிஸ்ட்ரேட் முன் நின்று கையெழுத்துப் போடும் வழக்கமும் போயிற்று. நல்லதுதான். மிரட்டுவதற்காகக் கேட்ட பெயர் அது. ஆனால் இன்று யார் எழுதியது என்று தெரியாத செய்தி ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குப் போகிறது. நாமும் படித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். சட்டம் கேட்காவிட்டாலும், இதை என் பெயர் போட்டுச் சொல்வேனா என்று அனுப்புமுன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். போடுவேன் என்றால் சொல்லுங்கள், போட்டே சொல்லுங்கள். மாட்டேன் என்றால், எது தடுக்கிறது, பொய் என்ற சந்தேகமா, பயமா என்று பாருங்கள். எங்கள் நோட்டீசில் பொய் ஒன்றும் இல்லை. பயம்தான்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். இந்தத் தடவை அதையும் படித்துவிட்டு மூடுங்கள். கட்டுரைக்கு என் பெயரை முழுசாகப் போடும்படி மலர்க் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தெட்டு, ஐம்பது வருஷம் தாமதம்தான். அப்பா இருந்திருந்தால் அவரே கோத்திருப்பார்.